ஒரு பால்வெட்டுப் பெண்ணுக்கு ஆதாரம் கேட்ட குழுவினருக்கு

சங்கத்தின் நூல் வெளியீட்டு உதவிக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

1941-இல் மலாயாவின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை வைத்து எழுதிய என் நாவல் 19 மாதங்கள் உங்களிடம் இருந்தது. போன மாதம் திரும்பி வந்தது. 412 பக்கத் தட்டச்சுப் பிரதியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே ஒரு பக்கக் கடிதத்தைக் குத்தி, அலுவலகத்தில் இருந்த தம்பி என் கையில் கொடுத்தார். வீடு திரும்பும்போது எல்.ஆர்.டி. ரயிலிலேயே கடிதத்தைப் பிரித்துப் படித்தேன். படித்துக்கொண்டே இருந்ததில் செந்தூலில் இறங்க மறந்து செந்தூல் தீமோர் வரை போய்விட்டேன். அங்கே நடைமேடை நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு முறை படித்தேன். அதற்குப் பிறகு உங்களுக்கு இரண்டு கடிதங்கள் அனுப்பினேன். பதில் இல்லை. அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

கதையின் முதன்மைப் பெண் உண்மையில் வாழ்ந்ததற்கு ஆவணச் சான்று இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்பதாம் அத்தியாயம் சமுதாயத்தின் மானத்தைக் குறைக்கும், அதை நீக்க வேண்டும் என்கிறீர்கள். தோட்டத்துப் பேச்சைத் தூய தமிழுக்கு மாற்றச் சொல்கிறீர்கள். பக்கங்களைக் குறைக்க வேண்டுமாம், முகப்புரையைப் பிரமுகர் ஒருவரிடம் வாங்க வேண்டுமாம். கடைசி வரியில், நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையைப் பற்றி எழுதித் தந்தால் உடனே பரிசீலிக்கலாம் என்று ஒரு யோசனையும் இருக்கிறது.

அந்தப் பெண் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் பாட்டியின் அக்கா. எங்கள் வீட்டில் பெரிய பாட்டி. ஊரில் சடங்காகி, அடுத்த வருடமே பெற்றோரோடும் தங்கையோடும் கப்பலேறிப் போர்ட் சுவெட்டன்ஹாமில் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) வந்து இறங்கியவர். 1938-இல் இந்திய அரசு தொழிலாளர்களை உதவிப் பயணத்தில் அனுப்புவதை நிறுத்தியது. இவர்கள் அதற்கு முந்தைய வருடம் வந்தவர்கள். கிள்ளானுக்கும் காப்பாருக்கும் நடுவே ஒரு தோட்டத்தில் ரப்பர் மரங்களில் பால் வெட்டினார். நான் பிறந்ததும் அதே தோட்டத்தில்தான். இப்போது அங்கே போனால் தாமான் வீடுகளும் தொழிற்சாலைக் கொட்டகைகளும் நிற்கின்றன. மயானம் இருந்த மேட்டைச் சமமாக்கி லாரி நிறுத்துகிறார்கள். 1952-இல் அவரைப் புதைத்தது அந்த மேட்டில்.

அவர் பெயரை இந்த மடலில் எழுதப் போவதில்லை. அது முதன்முதலாக அச்சில் வந்தால் அவருடைய புத்தகத்தில்தான் வர வேண்டும்.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தம் உங்களுக்குத் தெரியாததில்லை. ஐரோப்பாவில் போர் நடந்துகொண்டிருந்தது, ரப்பருக்கு நல்ல விலை. சீனத் தொழிலாளிக்கு ஒரு கூலி, தமிழனுக்கு அதைவிடக் குறைவு, தமிழ்ப் பெண்ணுக்கு அதிலும் குறைவு. தமிழ் நேசன் நாளிதழில் துணையாசிரியராக இருந்த ஆர். எச். நாதன், கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வழியாகத் தொழிலாளர்களைத் திரட்டினார். மே மாதத்தில் அவரைக் கைது செய்தார்கள். அவரை விடச் சொல்லி ஆயிரக்கணக்கானவர்கள் காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் நின்றார்கள். சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்து இராணுவத்தை இறக்கினார்கள். தோட்டத் தொழிலாளர்கள் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். ஏழே மாதத்தில் ஜப்பான்காரன் வந்துவிட்டான். நடந்ததை உட்கார்ந்து எழுத யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

நாதன் பெயர் வரலாற்றில் இருக்கிறது, இருக்க வேண்டும். 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்ட தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியின் பெயர் இருக்கிறது. அதற்கு முதல் நாள் சுட்டுக் கொல்லப்பட்ட பி. வீரசேனனின் பெயர் இருக்கிறது. ஆனால் அதே கிள்ளான் வேலைநிறுத்தத்தில் நின்ற பெண்களில் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் என்றால் இந்த நாட்டில் எத்தனை பேருக்குச் சொல்ல வரும்? எனக்கே ஒரே ஒரு பெயர்தான் தெரியும். அதுவும் என் வீட்டுப் பெயர் என்பதால்.

ஆதாரம் கேட்டீர்கள். நான் வைத்திருந்ததை எல்லாம் கொடுத்தேன். எதைக் கொடுத்தேன் என்பதை மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

எங்கள் அம்மாவின் அலமாரியில் ஒரு பித்தளைச் செம்பு இருக்கிறது. அரைப்படி பிடிக்கும். பெரிய பாட்டி சடங்கானபோது தாய்மாமன் சீரில் வைத்தது. அதைத் துணி மூட்டைக்குள் வைத்துக் கப்பலில் கொண்டு வந்திருக்கிறார்கள். கழுத்துக்குக் கீழே, பாத்திரக் கடையில் சின்ன உளியால் தட்டித் தட்டி வெட்டுவார்களே, அப்படிப் புள்ளி புள்ளியாக அவருடைய பெயர். அதில் ஒரு 'லை', எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய பழைய 'லை', யானைத் துதிக்கைபோல மேலே வளைந்து நிற்கும். அந்த வளைவுக்குப் பக்கத்தில் ஓர் ஒடுக்கு. லயத்து வீட்டை (தோட்டத்து வரிசை வீட்டை) காலி செய்யச் சொல்லிச் சாமான்களை வெளியே தூக்கிப் போட்ட அன்று விழுந்த ஒடுக்கு என்று பாட்டி சொல்வார். அவர் கணக்குப்படி அது 1941 மே மாதக் கடைசி.

அம்மா அந்தச் செம்பை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புளி போட்டுத் துலக்குவார். அம்மாவுக்கு முன்னால் பாட்டி துலக்கினார். 80 வருடத்துக்கு மேலாகத் துலக்கித் துலக்கிப் புள்ளிகள் மழுங்கிவிட்டன. கடைசி எழுத்து விரலுக்குத் தட்டுப்படுகிறது, கண்ணுக்குச் சரியாகத் தெரிவதில்லை. 2016-இல் ஒரு மெல்லிய தாளைச் சுற்றி மென்மையான பென்சிலால் தேய்த்துப் பெயரைப் படி எடுத்தேன். அன்று எல்லா எழுத்தும் தாளில் வந்தன. இப்போது எடுத்தால் கடைசி எழுத்து வராது, முயன்று பார்த்துவிட்டேன். அந்தப் பென்சில் படியைத்தான் பிரதியோடு இணைத்து உங்களிடம் கொடுத்தேன். "பாத்திரத்தில் உள்ள பெயர் ஆவணமாகாது" என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது.

செம்பு மட்டும் போதாது என்று எனக்கும் தெரியும். பழைய ஜாலான் டூத்தாவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பள்ளி விடுமுறை நாட்களில் போய் உட்கார்ந்தேன். சிங்கப்பூர் தேசிய நூலகம் மின்வடிவில் வைத்திருக்கும் 1941-ஆம் ஆண்டு நாளிதழ்களை இரவெல்லாம் படித்தேன். அவற்றில் துரைமார் பெயர் இருக்கிறது, போலீஸ் அதிகாரிகள் பெயர் இருக்கிறது, சங்கத்துக்காரர்கள் பெயர் இருக்கிறது. நான் பார்த்த தாள்களில் தோட்டத்துப் பெண்கள் எண்ணிக்கையாக வருகிறார்கள், பெயராக வரவில்லை. எழுதியவர்கள் எழுதாமல் விட்டதை 84 வருடம் கழித்து நான் எந்த அலுவலகத்தில் போய் வாங்கி வருவேன்? நான் நாவல் எழுத உட்கார்ந்ததே அதனால்தான். தாள் இருந்திருந்தால் கட்டுரை எழுதியிருப்பேன்.

தாளில் இல்லாததை ஆளிடம் கேட்டேன். காப்பார், மேரு பக்கத்து மலிவு விலை அடுக்குமாடிகளில் பழைய தோட்டத்துக்காரர்கள் நான்கு பேரைத் தேடிப் பிடித்தேன். அவர்களில் ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2014-இல் அவருக்கு 84 வயது. வேலைநிறுத்தத்தின்போது 11 வயதுப் பெண், ஆயக்கொட்டகையில் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர். அவர் பேச ஆரம்பித்தால் வாயோடு கையும் பேசும். பால்வெட்டைப் பற்றிக் கேட்டதும், உட்கார்ந்திருந்த நாற்காலியின் காலைப் பால்மரமாக வைத்துக்கொண்டு, இல்லாத உளியைப் பிடித்து, மேலிருந்து கீழாகச் சரிவாக ஒரு கோடு இழுத்தார். இழுத்துவிட்டுக் கோட்டின் முனையில் பால் பிடிக்கும் மங்கு ஒன்று இருப்பதுபோல் அதைத் திருப்பி வைத்தார். ஐம்பது வருடமாக மரத்தைத் தொடாத கை.

பெரிய பாட்டியைப் பற்றி அவர் சொன்னது இது. கெராணி என்றால் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி. "நாங்கள்லாம் கெராணியக் கண்டா குனிஞ்சு நிப்போம்மா. அது மட்டும் நிமிந்து நிக்கும்." அப்புறம் மாரியம்மன் கோயில் வாசலில் நடந்த கூட்டத்தைச் சொன்னார். ஆண்கள் கூலியைப் பேசினார்கள், கள்ளுக்கடையைப் பேசினார்கள். பெண்கள் பக்கத்தில் இருந்து பெரிய பாட்டி எழுந்து, "எங்களத் தொடுறானுங்களே, அத யாரு கேப்பா?" என்று கேட்டிருக்கிறார். கூட்டம் கொஞ்ச நேரம் பேசவே இல்லையாம். அந்தப் பாட்டி 2019-இல் இறந்துவிட்டார். மற்ற மூன்று பேரும் இப்போது இல்லை. ஒலிப்பதிவுகள் என்னிடம் இருக்கின்றன. நாலையும் பென்டிரைவில் போட்டு உங்களிடம் தந்தேன். யாராவது கேட்டீர்களா என்று கடிதத்தில் இருந்து தெரியவில்லை.

நீங்கள் நீக்கச் சொன்ன ஒன்பதாம் அத்தியாயம் அந்தக் கூட்டம்தான்.

சமுதாயத்தின் மானம் போகும் என்கிறீர்கள். ஐயா, 1941-இல் கிள்ளான் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். சீனத் தொழிலாளர்களுக்கு நிகரான கூலி கேட்டார்கள். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலையை ஒழிக்கச் சொன்னார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பு, ஒழுங்கான மருத்துவம், கள்ளுக்கடைகளை மூடுவது, உறவினர்கள் தோட்டத்துக்குள் வந்து போகும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை எல்லாம் அதில் உண்டு. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். அந்தக் கோரிக்கையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். ஒரு சைக்கிள் வாங்க எத்தனை மாதம் சேர்த்திருப்பான், அதன் மேல் உட்கார்ந்து போகவும் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. அதே வரிசையில், தோட்டப் பெண்களிடம் வெள்ளைக்காரர்களும் அவர்களுக்குக் கீழே இருந்த ஆசியச் சிப்பந்திகளும் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும் என்பதும் இருக்கிறது. கூலிக்குச் சமமாக, பள்ளிக்கூடத்துக்குச் சமமாக, வெளிப்படையாக எழுதப்பட்ட கோரிக்கை.

அந்த ஆண்கள் அதைச் சொல்ல வெட்கப்படவில்லை. கப்பலில் வந்து, கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை வைத்து, துப்பாக்கிக்கு முன்னால் நின்றவர்கள், தங்கள் பெண்களுக்கு நடந்ததை அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே சொன்னார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளான நாம் 2025-இல் ஒரு நாவலில் அதைச் சொல்லக் கூடாது என்றால், அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை என்ன? தொட்டவனுக்குத்தான் அந்த மானக்கேடு. எழுந்து கேட்ட பெண்ணுக்கு இல்லை, அவள் பேத்திக்கும் இல்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய பாட்டி கேட்டதால்தான் அந்தக் கோரிக்கை பட்டியலில் ஏறியது என்று நான் எழுதவில்லை. அப்படிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஒரு தோட்டத்துக் கோயில் வாசலில் ஒரு பெண் கேட்டதாக நான்கு பேர் நினைவு இருக்கிறது. வட்டாரம் முழுவதற்குமான கோரிக்கைகளில் அதே விஷயம் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடத்தில் நின்றுதான் கற்பனை செய்தேன். எது கேட்டது, எது பதிவில் உள்ளது, எது என் கற்பனை என்று நாவலின் முடிவில் ஆறு பக்கத்தில் பிரித்து எழுதியும் இருக்கிறேன். உங்கள் மதிப்பீட்டாளரின் பென்சில் குறிப்புகள் 388-ஆம் பக்கத்தோடு நின்றுவிடுகின்றன. அந்த ஆறு பக்கம் அதற்குப் பிறகு வருகிறது.

பென்சில் குறிப்புகளை எல்லாம் படித்தேன். "ஆதாரம்?" என்று 14 இடத்தில் இருக்கிறது. 203-ஆம் பக்கத்தில் வேறு ஒன்று: "கணவர் சயாமுக்குப் போவதை முன்னுக்குக் கொண்டு வந்தால் விறுவிறுப்பாக இருக்கும்." பெரிய பாட்டியின் கணவரை 1943-இல் ஜப்பான்காரர்கள் சயாமுக்கு (தாய்லாந்துக்கு) ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் நீளத் தண்டவாளம், அதில் எந்தக் கட்டையடியில் போனாரோ, திரும்பவே இல்லை. அவருக்கும் எங்களிடம் ஒரு தாள் கிடையாது. போனதற்கும் இல்லை, செத்ததற்கும் இல்லை. அவர் இருந்ததற்கு மட்டும் உங்கள் மதிப்பீட்டாளர் ஆதாரம் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன்.

கடாரத்தை வென்ற கதையை வைத்து எழுதிய நாவலுக்கு இதே குழு உதவி செய்திருக்கிறது. நல்ல நாவல், என் மாணவர்களைப் படிக்க வைத்தேன். 1025-இல் இராஜேந்திர சோழன் படையெடுத்ததற்கு மெய்க்கீர்த்தி இருக்கிறது, சரி. அந்த நாவலில் வரும் மீனவப் பெண்ணுக்குக் கல்வெட்டு இருக்கிறதா? அரசன் காலத்துப் பெண்ணைக் கற்பனையில் படைக்கலாம், தோட்டத்துப் பெண்ணுக்கு மட்டும் பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றால் அந்த விதியை எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள்? உங்கள் விண்ணப்பப் படிவத்தில் நான் பார்க்கவில்லை.

இனி மொழி. இதில் கொஞ்சம் கூடுதலாகவே பேச வேண்டியிருக்கிறது. 33 வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒற்றுப் பிழைக்கு மாணவர்களை எழுப்பி நிறுத்தியிருக்கிறேன். தூய தமிழ் வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை. கதைசொல்லும் நடையை நல்ல தமிழில்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் பெரட்டுக்களத்தை "வருகைப் பதிவுத் திடல்" என்று மாற்றச் சொல்கிறீர்கள். கிராணியை "எழுத்தர்" என்று, லயத்தைத் "தொடர்குடியிருப்பு" என்று, ஒட்டுப்பாலை "உறைந்த ரப்பர் கழிவு" என்று மாற்றச் சொல்கிறீர்கள். விடியற்காலை நாலரை மணிக்குத் தப்பு மேளம் அடித்ததும் எழுந்து, மண்ணெண்ணெய் விளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டு ஓடிய பெண், பெரட்டுக்குத்தான் ஓடினாள். பயந்தது கிராணியின் பேனாவுக்கு. அரை நாள் கூலியை வெட்ட அந்தப் பேனாவின் ஒரு கோடு போதும். "எழுத்தர்" என்று எழுதினால் அந்தப் பயம் பக்கத்தில் ஏறாது. காண்டாவைத் தோளில் போட்டுப் பால் வாளி இரண்டும் ஆடாமல் ஸ்டோர் வரை நடந்தவர்களுக்கு அந்தக் கட்டையின் பெயர் காண்டாதான். மலாய்க்காரரிடம் வாங்கியது, சீனரிடம் வாங்கியது, துரையிடம் கேட்டுத் திருத்திக்கொண்டது எல்லாம் சேர்ந்து அவர்கள் உண்டாக்கிய தமிழ் அது. அந்தத் தோட்டங்கள் போய்விட்டன. அவற்றோடு சொற்களும் போய்க்கொண்டிருக்கின்றன. என் கடைசி வருட வகுப்பில் "மங்கு" என்றால் என்ன என்று கேட்டேன். 26 பிள்ளைகளில் ஒரே ஒரு பையன் கை தூக்கினான், அவனும் தாத்தா வீட்டில் நாய்க்குச் சோறு வைக்கும் கிண்ணம் என்றான். ரப்பர் மரத்தில் பால் பிடித்த கோப்பை அது என்று சொல்லிக்கொடுத்தேன். பின்னிணைப்பாகச் சொற்பொருள் பட்டியல் கேட்டால் மகிழ்ச்சியோடு தருகிறேன். சொல்லை மாற்ற மாட்டேன்.

பக்கத்தைக் குறைப்பது பற்றி எனக்குப் பிடிவாதம் இல்லை. நல்ல தொகுப்பாசிரியர் ஒருவரோடு உட்கார வையுங்கள், முப்பது நாற்பது பக்கம் போகும் என்று எனக்கே தெரியும். பிரமுகர் முகப்புரை வேண்டாம். முதல் பக்கத்தில் பெரிய பாட்டியின் பெயர் வர 84 வருடம் ஆகியிருக்கிறது, அந்தப் பக்கத்தில் இன்னொருவர் படம் வேண்டாம்.

ஜான்சி ராணிப் படையைப் பற்றி எழுதச் சொன்னதற்கும் பதில் சொல்கிறேன். 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் திறந்தபோது இந்த நாட்டுத் தமிழ்ப் பெண்கள் போய்ச் சேர்ந்தார்கள், தோட்டங்களில் இருந்தும் போனார்கள். கோலாலம்பூரில் பிறந்த ஜானகி ஆதி நாகப்பன் அந்தப் படையில் இருந்தவர், 2000-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. அவர்கள் மேல் எனக்குள்ள மதிப்பு யாருக்கும் குறைந்ததில்லை. அவர்களில் பலர் பின்னால் பேசினார்கள், பேட்டி கொடுத்தார்கள், நமக்குக் கிடைத்தார்கள். பெரிய பாட்டிக்கு அந்த வாய்ப்பு வரவில்லை. தோட்டத்தை விட்டுத் துரத்தப்பட்டு, கணவரை இழந்து, பக்கத்துத் தோட்டத்தில் புல்வெட்டு வேலைக்குச் சேர்ந்து, முப்பது வயதுக்குள் நோயில் செத்துப்போனார். பிள்ளை இல்லை. கேட்க வந்தவர் யாரும் இல்லை. ஏற்கெனவே வெளிச்சத்தில் இருப்பவர்களைப் பற்றி எழுதுவது சுலபம் என்பதற்காக இவரை மறுபடியும் இருட்டில் விட்டுவிட்டு என்னால் போக முடியாது.

சொந்தக் காசில் போட்டுவிடலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். முடியும். ஓய்வூதியத்தில் இருந்து எடுத்து 300 பிரதி அச்சடித்து, ஒரு மண்டபம் பிடித்து, மாலை போட்டு, உறவுக்காரர்களுக்கு விற்றுவிட்டு மீதியைக் கட்டிலுக்கு அடியில் வைக்கலாம். நம் எழுத்தாளர்கள் பலர் அதைத்தான் செய்கிறார்கள். இந்த நாட்டில் தேசிய இலக்கியம் என்ற கணக்கில் தமிழில் எழுதியது வருவதில்லை. அந்தப் பட்டங்களும் நிதியும் நமக்கு இல்லை. நமக்கு இருப்பது நம் சங்கங்கள்தான். உங்கள் குழு வெளியிடும் புத்தகங்கள் தமிழ்ப்பள்ளி நூலகங்களுக்குப் போகின்றன. 500-க்கும் மேற்பட்ட பள்ளிகள். அவற்றில் பல, தோட்டத்தின் பெயரை இன்னும் பெயரில் வைத்திருக்கின்றன. அந்தப் பள்ளிகளில் படிக்கும் ஒரு பெண் பிள்ளை கையில் இந்தப் புத்தகம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான் உங்கள் வாசலில் வந்து நின்றேன். அந்த நிதியும் உறுப்பினர் சந்தாவில் இருந்து வருவது. என் சந்தாவும் அதில் 27 வருடமாக இருக்கிறது.

கேட்பவற்றைச் சொல்கிறேன்.

நாவலை மறுபடியும் மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள். இந்த முறை படிப்பவர்களில் ஒருவராவது தோட்ட வரலாறு தெரிந்தவராக இருக்கட்டும், ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். கடைசிப் பக்கம் வரை படித்ததற்கு அவர்கள் கையெழுத்துப் போடட்டும். ஆவணச் சான்று என்ற நிபந்தனையை வரலாற்று நாவல்களுக்கு எடுத்துவிடுங்கள், அல்லது அரசர்களைப் பற்றிய நாவல்களுக்கும் சேர்த்து வையுங்கள். அதற்குப் பதிலாக, எது பதிவு, எது கற்பனை என்று எழுத்தாளர் பின்னுரையில் பிரித்துக் காட்ட வேண்டும் என்று விதி வைத்தால் நான் முதல் ஆளாக ஆதரிப்பேன். ஒன்பதாம் அத்தியாயம் பற்றிய உங்கள் முடிவைக் காரணத்தோடு எழுத்தில் தாருங்கள், 1941-ஆம் ஆண்டுக் கோரிக்கைகளைப் படித்த பிறகு. மறுப்பதாக இருந்தாலும் 19 மாதம் காக்க வைக்காதீர்கள், மூன்று மாதம் என்று வரம்பு வையுங்கள். எனக்குப் பிறகு வருகிறவர்களில் இன்னும் வயதானவர்கள் இருப்பார்கள்.

நாவல் வந்தாலும் வராவிட்டாலும் இன்னொன்று செய்ய முடியும். பழைய தோட்டத்துப் பெண்களின் பேச்சைப் பதிவு செய்ய ஒரு சின்னத் தொகை ஒதுக்குங்கள். ஒலிப்பதிவுக் கருவியும் பெட்ரோல் காசும் இருந்தால் போதும், போவதற்கு ஓய்வுபெற்ற ஆசிரியைகள் பலர் தயார். 1941-ஐப் பார்த்தவர்கள் ஏறக்குறைய எல்லாரும் போய்விட்டார்கள். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வரும் மே மாதத்துக்குள் பதில் தாருங்கள். பதில் எதுவானாலும் அதற்குப் பிறகு அந்தப் புத்தகம் வெளிவரும். சட்டப்படி தேசிய நூலகத்துக்குப் போக வேண்டிய ஐந்து பிரதிகளை நானே ஜாலான் துன் ரசாக்கில் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

இதைவிட அவசரமானது ஒன்று உண்டு. பிளாஸ்டிக் பையைத் திறந்து பார்த்தபோது பிரதி இருந்தது, பென்டிரைவ் இருந்தது, செம்பில் எடுத்த பென்சில் படி இல்லை. அது உங்கள் கோப்பில்தான் இருக்க வேண்டும். இரண்டு கடிதத்திலும் கேட்டிருந்தேன். மெல்லிய தாள், மடித்தால் மடிப்பில் எழுத்து அழிந்துவிடும். கடைசி எழுத்து முழுதாக இருப்பது இப்போது அந்தத் தாளில் மட்டும்தான். தயவுசெய்து மடிக்காமல், இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து எடுத்து வையுங்கள். அஞ்சலில் அனுப்ப வேண்டாம். எந்த நாள், எத்தனை மணி என்று சொன்னால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாவலை எழுதியவள்
செந்தூல், கோலாலம்பூர்